முதல் நிலை வியாதி

எடை அளவுத் துறையின் தலைமை அலுவலகத்தில் ஒருவருக்கு வரக்கூடிய வியாதிகள் மொத்தமே நான்குதான். முதல் நிலை அதிகாரிகளுக்கு ‘இண்டிஸ்போஸ்டு’. இரண்டாம் நிலைக்கு ‘அன்வெல்’. மூன்றாம் நிலைக்கு ‘இல்’. குமாஸ்தா, டைப்பிஸ்ட் வகையறா நான்காம் நிலை, அவர்களுக்கு ‘சிக்’. அதற்கும் கீழே கூட்டிப் பெருக்குகிறவர்களும் வாசல் காக்கிறவர்களும் உண்டு. அவர்களுக்கு வார்த்தை எதுவும் ஒதுக்கப்படவில்லை. வராவிட்டால் ‘வரவில்லை’ என்று எழுதுவார்கள், அத்தோடு சரி.

விடுப்புக் கடிதம் ஆங்கிலத்தில்தான் இருக்க வேண்டும், எப்பேர்ப்பட்ட நோவாக இருந்தாலும் அவரவருக்கு உரிய வார்த்தைக்குள் அடங்கிவிட வேண்டும் என்பது விதி. அகராதியைப் பிரித்தால் நான்குக்கும் ஏறக்குறைய ஒரே பொருள், உடம்பு சரியில்லை என்று. அகராதி போட்டவர் இந்த அலுவலகத்தில் வேலை பார்த்ததில்லை, பாவம்.

இந்த விதி டைப்பிஸ்டுக்குத் தெரியாமல் போனதுதான் வினை. அதற்கான ஆணையை அடித்ததே அவர்தான், அது வேறு கதை. டைப் அடிக்கிறவன் படித்துக்கொண்டே அடித்தால் வேலை ஓடுமா? கண் ஒரு காகிதத்தில், விரல் ஒரு காகிதத்தில், மனசு வீட்டு வாடகையில். அவர் அடித்ததைப் படிப்பதில்லை. தலைமை அதிகாரி கையெழுத்துப் போடுவதைப் படிப்பதில்லை. இருவரும் இப்படி ஒத்துழைத்ததால்தான் பத்தொன்பது வருடமாகக் காகிதங்கள் அந்தக் கட்டடத்தில் தங்குதடையில்லாமல் ஓடிக்கொண்டிருந்தன.

அந்தப் பத்தொன்பது வருடத்தில் அவர் உடம்புக்கு என்று ஒரு நாள் லீவு போட்டதில்லை. வியாழக்கிழமை சாயங்காலம் அடிவயிற்றின் வலது பக்கம் சுருக்கென்று பிடித்தது. மனைவி பக்கத்துத் தெரு ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். டாக்டர் அமுக்கிப் பார்த்தார், இவர் ஐயோ என்று கத்தினார், பரிசோதனை முடிந்தது. குடல்வால் வீக்கம். மறுநாள் நாலு மணிக்கு ஆபரேஷன், மூன்றரைக்குள் வந்து படுக்க வேண்டும், காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடப் படக் கூடாது. தாமதித்தால் உள்ளேயே வெடித்துவிடும், அப்புறம் என்னைக் கேட்காதீர்கள் என்றார் டாக்டர்.

சொல்லாமல் கொள்ளாமல் நின்றால் வேலையை விட்டதாகக் கருதப்படும். கடிதத்தை நேரில்தான் கொடுக்க வேண்டும். ஆகவே வெள்ளிக்கிழமை காலையில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு அலுவலகம் வந்தார். துணிப்பையோடு கூடவே வந்த மனைவியை இரும்புக் கேட்டுக்கு வெளியே நிறுத்தி, “பத்தே நிமிஷம், லெட்டரைக் குடுத்துட்டு வந்துடறேன்” என்றார். உள்ளே போய்த் தன் மிஷினில் உட்கார்ந்தார். லீவு லெட்டர் என்று அவர் விரல்களுக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். வெள்ளிக்கிழமை தவறாமல் தலைமை அதிகாரிக்காக அடிக்கிற கடிதம். விரல்கள் அதையே அடித்தன. பெயரை மட்டும் மாற்றினார்.

பெரிய குமாஸ்தா கடிதத்தை வாங்கினார், பதிவேட்டில் ஏற்றினார், எண் போட்டார், நேரம் ஒன்பது நாற்பது என்று எழுதினார், சீல் குத்தினார். அதற்கப்புறம்தான் படித்தார். படித்ததும் அவருடைய மூக்குக் கண்ணாடி மூக்கை விட்டு இறங்கியது.

“என்னய்யா இது?”

“லீவு லெட்டர் சார். குடல்வால் வீங்கியிருக்காம். நாலு மணிக்கு ஆபரேஷன்.”

“அது கிடக்கட்டும். இந்த வார்த்தை?”

“எந்த வார்த்தை சார்?”

பெரிய குமாஸ்தா அதை வாயால் சொல்லவில்லை. பென்சில் நுனியால் தொட்டுக் காட்டினார்.

“இண்டிஸ்போஸ்டா சார்? ஒடம்பு சரியில்லைன்னு அர்த்தம். ஐயா லெட்டர்ல எப்பவும் அதானே வரும்?”

“மெதுவாய்யா, மெதுவா!” எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். “நான் மூணாம் நிலை. முப்பத்தோரு வருஷ சர்வீஸ். போன வருஷம் மாரடைப்பு வந்து ரெண்டு மாசம் படுத்தேனே, அப்பக்கூட வெறும் ‘இல்’தான் போட்டேன். ‘அன்வெல்’லுக்குக்கூட நான் ஆசைப்பட்டதில்ல. நீ என்னடான்னா ஒரே தாவுல மொட்டை மாடிக்கே போயிட்ட!”

“தெரியாமப் போச்சு சார். குடுங்க, ‘சிக்’னு மாத்தி அடிச்சுட்டு வந்துடறேன். ரெண்டு நிமிஷ வேலை.”

“எப்படி மாத்துவே? ரிஜிஸ்டர்ல ஏறியாச்சே. ஒம்போது நாப்பதுக்கு நீ இண்டிஸ்போஸ்டு. அதுலேருந்து குணமாயிட்டேன்னு சர்டிபிகேட் வேணும். குணமாகி ஒரு நாளாவது வேலைக்கு வந்திருக்கணும். அப்புறம்தான் புதுசா ‘சிக்’ ஆக முடியும். ஒரே சமயத்துல ரெண்டு வியாதிக்கு ரூல்ஸ் கெடையாது.”

“படிச்சுப் பாத்துட்டு ஏத்தியிருக்கலாமே சார்?”

“ஏத்தினப்புறம் படிக்கறதுதான்யா முறை. படிச்சுட்டு ஏத்தினா எத்தனை லெட்டர் ஏறும்?”

டைப்பிஸ்டுக்கு அந்த நியாயம் புரியாமல் இல்லை. அவரும் அதே குட்டையில் ஊறிய மட்டைதானே. இருந்தாலும் வயிறு நியாயம் பார்க்கவில்லை, சுள்ளென்று இழுத்தது. மெல்ல எழுந்து சுவரைப் பிடித்துக்கொண்டு கேட்டுக்கு நடந்தார்.

வாட்ச்மேன் நல்லவன்தான். ஆனால் கேட்டுக்கு ஒரு சட்டம் இருந்தது. அலுவலக நேரத்தில் ஆள் வெளியே போவதற்கு வெள்ளைச் சீட்டு வேண்டும், அதில் லீவு சாங்ஷன் ஆன எண் வேண்டும். சாமான் வெளியே போவதற்கு மஞ்சள் சீட்டு, அதில் எடை வேண்டும். எடைத் துறை என்பதால் கேட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு மேடைத் தராசு இருந்தது.

“ஒடம்புக்கு என்னண்ணே?” என்றான் வாட்ச்மேன். காலையிலிருந்து அந்தக் கேள்வியைக் கேட்ட முதல் ஆள் அவன்தான்.

“குடல்வால்ப்பா. ஆபரேஷன். என்னை விட்டுடேன்.”

“விட்டா நாளைக்கு எம் புள்ளைங்க சோத்துக்கு நிக்கும்ணே. எனக்கு ஒடம்புக்கு வந்தாலே ஒரு வார்த்தை கெடையாது. உங்க வார்த்தையில நான் கை வைக்க முடியுமா?”

கம்பிக்கு அந்தப் பக்கம் மனைவி நின்றாள். “என்னங்க, பத்து நிமிஷம்னீங்க. மணி பத்தரை. முகமெல்லாம் வெளுத்துப் போச்சே.”

“ஒரு வார்த்தையில சிக்கல்.”

“யாரோட வார்த்தை வளத்தீங்க?”

“யாரோடயும் இல்ல. வார்த்தைதான் வளந்துக்கிட்டே போகுது.”

உள்ளே திரும்பியவரைப் பெரிய குமாஸ்தா சும்மா விடவில்லை. இழுத்துக்கொண்டு கிடந்த பழைய டைப் மிஷின் ஒன்றை ரிப்பேருக்கு அனுப்ப வேண்டியிருந்தது. “சும்மாதானே உக்காந்திருக்கே, இதுக்கு ஒரு மஞ்சச் சீட்டு அடிச்சுடு” என்றார். அடித்தார். பொருள்: தட்டச்சு இயந்திரம். எண்ணிக்கை: ஒன்று. எடை: பதினான்கு கிலோ. வெளியே செல்லக் காரணம்: பழுது. சீட்டு உள்ளே போய்க் கையெழுத்தோடு வந்தது. இரண்டு பேர் மிஷினைத் தூக்கிக்கொண்டு போனார்கள். எல்லாம் சேர்ந்து ஏழு நிமிடம். அந்த மிஷினை எந்த நிலைப் பழுது என்று ஒருத்தரும் கேட்கவில்லை. ஜன்னல் வழியாக அது கேட்டைத் தாண்டுவதை டைப்பிஸ்ட் பார்த்துக்கொண்டே இருந்தார். ஜடத்தின் மேல் அவருக்குப் பொறாமை வந்தது அன்றைக்குத்தான்.

பதினொன்றரைக்குச் சொல் ஒதுக்கீட்டுப் பிரிவில் விசாரணை. பிரிவின் அதிகாரி ஓர் அம்மாள், இரண்டாம் நிலை. பக்கத்தில் அலுவலக டாக்டர், அவரும் இரண்டாம் நிலை. சுவரோரம் அலமாரியில் பித்தளை எடைக்கற்கள் சிறிதிலிருந்து பெரிதாக வரிசையாக இருந்தன. விசாரணையைப் பதிவு செய்ய ஒரு டைப்பிஸ்ட் வேண்டும் என்றார் அம்மாள். அலுவலகத்தில் இருந்த ஒரே டைப்பிஸ்ட் குற்றம் சாட்டப்பட்டவர்தான். ஆகவே மிஷினை அவர் முன்னாலேயே கொண்டுவந்து வைத்தார்கள். கேள்விகளையும் அவரே அடித்தார், பதில்களையும் அவரே அடித்தார். வலி வந்து குனியும்போதெல்லாம் அம்மாள் பொறுமையாகக் காத்திருந்தார்.

“உங்களை நான் தப்பு சொல்லல” என்று அம்மாள் ஆரம்பித்தார். “வார்த்தைன்னா என்னன்னு தெரியாதவங்கதான் அகராதியைப் பாப்பாங்க. ‘சிக்’னு வெச்சுக்குங்க, அதுல வாந்தி இருக்கு, பேதி இருக்கு, கைலி இருக்கு. ‘இல்’லுல படுக்கை வந்துடும். ‘அன்வெல்’னா ஒரு தலைவலியோட நிறுத்திக்கணும். இண்டிஸ்போஸ்டு ஆனவங்களை என்ன ஏதுன்னு கேக்கவே கூடாது. அதான் அந்த வார்த்தையோட மரியாதை. உங்களுக்கு என்னன்னு எல்லாருக்கும் தெரியுது. குடல்வால்னு வாட்ச்மேனுக்குக்கூடத் தெரியுது. அப்புறம் எப்படி நீங்க இண்டிஸ்போஸ்டு?”

“இல்லம்மா. நான் ‘சிக்’தான். நூத்துக்கு நூறு ‘சிக்’. எழுதிக் குடுத்துடறேன்.”

“அதை டாக்டர் சொல்லணும்.”

டாக்டர் நாற்காலியை விட்டு எழவில்லை. டைப்பிஸ்டைக் கிட்டே வரச் சொல்லி, வயிற்றை ஒரு விரலால் தொட்டார். டைப்பிஸ்ட் அலறினார்.

“வீக்கம் இருக்கு” என்றார் டாக்டர். “அதுல சந்தேகமில்ல. நல்ல வீக்கம். வெடிச்சாலும் வெடிக்கும். ஆனா நான் பாக்க வேண்டியது வியாதியை இல்ல, வார்த்தையை. ரிஜிஸ்டர்ல இண்டிஸ்போஸ்டுன்னு இருக்கு. அந்த வார்த்தைக்கு இந்த அலறல் பொருந்தல. பொருந்தலன்னா நோயாளிக்கு ரிஜிஸ்டர்படி ஒண்ணும் இல்ல.”

“அப்ப ஆரோக்கியமா இருக்காருன்னு எழுதிக்கலாமா?” என்றார் அம்மாள்.

“எழுதலாம். ஆனா ஆரோக்கியமானவர் லீவு கேட்டதுக்குத் தனி விசாரணை வைக்கணும்.”

“நான் மூணரை மணிக்கு ஆஸ்பத்திரியில இருக்கணும் டாக்டர்!” டைப்பிஸ்ட் கத்தியே விட்டார். “ஒரு மனுஷன் செத்துப் போறதுக்குள்ள ஒரு வார்த்தை முடிவாகாதா?”

“செத்துப் போனா அதுக்குத் தனி வார்த்தை இருக்கு” என்றார் அம்மாள், ஆறுதலாக. “அதுல நிலை வித்தியாசமே கெடையாது. இந்தத் துறை எல்லாரையும் சமமாத்தான் நடத்துது.”

டைப்பிஸ்ட் அதையும் அடித்தார். அடித்துக்கொண்டிருக்கும்போதே கண்ணீர் முட்டியது. ஆப்பசைத்த குரங்கின் கதையைச் சின்ன வயதில் கேட்டுச் சிரித்தவர் அவர். குரங்காவது வேண்டாத மரத்தில் வேண்டாத ஆப்பைப் பிடுங்கியது. தான் என்ன பிடுங்கினோம் என்று அவருக்குத் தெரியவில்லை.

முடிவெடுக்கும் அதிகாரம் தங்களுக்கு இல்லை என்று இருவரும் ஒரு மனதாக முடிவெடுத்தார்கள். வார்த்தைக்குச் சொந்தக்காரர் தலைமை அதிகாரி. அவர் சாப்பாட்டுக்குப் போயிருந்தார். திரும்பி வர இரண்டேகால் ஆயிற்று. அதுவரைக்கும் டைப்பிஸ்ட் வராந்தா பெஞ்சில் முழங்காலை வயிற்றோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு கிடந்தார். போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லாம் அவரைப் பார்த்து, “இவர்தான் அந்த வார்த்தையைப் போட்டவர்” என்று ஒருவருக்கொருவர் காட்டினார்கள்.

தலைமை அதிகாரியின் அறையில் கம்பளம் விரித்திருந்தது. அவர் முகத்தில் கோபத்தைவிட வருத்தம்தான் அதிகம் தெரிந்தது.

“உக்காருங்க. வேணாம், நில்லுங்க. உக்காந்தா வேற நிலை. நான் உங்களை எவ்வளவு நம்பினேன்! என் லெட்டரை எத்தனை வருஷமா நீங்க அடிக்கறீங்க?”

“பத்தொம்போது வருஷம் ஐயா.”

“வெள்ளிக்கிழமை தவறாம. அப்ப யோசிச்சுப் பாருங்க. ஆயிரம் தடவைக்குக் கிட்ட நான் இண்டிஸ்போஸ்டு ஆயிருக்கேன். ஒரு தடவை, ஒரே ஒரு தடவையாவது எனக்கு ஒடம்பு சரியில்லாம இருந்திருக்கா?”

“இல்லீங்க ஐயா.”

“ஒரு தும்மல்? ஒரு இருமல்?”

“கெடையாதுங்க.”

“அவ்வளவு சுத்தமா வெச்சிருந்தேன்யா அந்த வார்த்தையை!” தலைமை அதிகாரியின் குரல் தழுதழுத்தது. “எனக்கு முன்னாடி இருந்தவரும் அப்படித்தான். வெள்ளிக்கிழமை மத்தியானம் சீட்டாட்டம், ஞாயித்துக்கிழமை வரைக்கும் இண்டிஸ்போஸ்டு. கொழுக்கட்டை மாதிரி இருப்பாரு. இந்தக் கட்டடத்துல இத்தனை வருஷமா நிஜ வியாதி படாத ஒரே வார்த்தை அதுதான். நீங்க அதுக்குள்ள கொண்டுபோய் ஒரு குடல்வாலை வெச்சுட்டீங்களே! நாளைக்கு நான் அதைப் போட்டா ஜனங்க என்ன நினைப்பாங்க? ஐயோ பாவம், இவருக்கும் எங்கயோ வீங்கியிருக்குன்னு நினைக்க மாட்டாங்களா?”

“மன்னிச்சுடுங்க ஐயா. இனிமே அந்த வார்த்தையைத் தொடவே மாட்டேன். என்னை மட்டும் விட்டுடுங்க. வெளியில சம்சாரம் காத்துக்கிட்டிருக்கா.”

“உங்க கஷ்டம் எனக்குத் தெரியாமலா? நானும் குடும்பஸ்தன்தான். திங்கட்கிழமை முழு விசாரணை வெச்சுடலாம். அதுவரைக்கும் அந்த வார்த்தை இந்தக் கட்டடத்தை விட்டு வெளியே போகக் கூடாது. இப்போதைக்கு வார்த்தை உங்ககிட்ட இருக்கு. அதனால நீங்களும் போகக் கூடாது. பெஞ்சில படுத்துக்குங்க, பரவாயில்ல, யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க.” கைக்கடிகாரத்தைப் பார்த்தார். “அதுக்கு முன்னாடி இன்னிக்கு உள்ள காகிதத்தையெல்லாம் அடிச்சுக் கையெழுத்துக்குக் கொண்டுவந்துடுங்க. என் லெட்டரும் அதுல இருக்கட்டும். மூணு மணிக்கு நான் போயாகணும்.”

டைப்பிஸ்ட் தன் இடத்துக்கு வந்தார். மணி இரண்டே முக்கால். வலி இப்போது விட்டு விட்டு வரவில்லை, ஒரேயடியாக உட்கார்ந்துகொண்டது. மேஜை மேல் காலையில் அடித்த மஞ்சள் சீட்டின் கார்பன் பிரதி கிடந்தது. முதல் தடவையாக, தான் அடித்த ஒரு காகிதத்தை அவர் எழுத்து எழுத்தாகப் படித்தார். லீவு எண் கேட்கிற கட்டம் அதில் இல்லை. எந்த நிலை என்று கேட்கிற கட்டமும் இல்லை. ‘பழுது’ என்றால் பழுது, அவ்வளவுதான். படித்து முடித்ததும் ஒரு புது மஞ்சள் சீட்டை எடுத்து மிஷினில் ஏற்றினார்.

பொருள்: டைப்பிஸ்ட். எண்ணிக்கை: ஒன்று. எடை: ஐம்பத்தெட்டு கிலோ. வெளியே செல்லக் காரணம்: பழுது.

பதினெட்டுக் காகிதங்களுக்கு நடுவில் அதைச் செருகிக்கொண்டு உள்ளே போனார். தலைமை அதிகாரி ஒரு கையால் கையெழுத்துப் போட்டுக்கொண்டே இன்னொரு கையால் போனைப் பிடித்து, “கிளம்பிட்டேன், சீட்டைக் கலைச்சு எனக்கும் ஒரு கை போடுங்க” என்று யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார். மஞ்சள் சீட்டு வந்தபோது டைப்பிஸ்ட் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். கையெழுத்து விழுந்தது. அடுத்த காகிதத்துக்குப் பேனா போய்விட்டது. எப்போதும் போல் சீலை டைப்பிஸ்டே குத்திக்கொண்டார்.

கேட்டுக்கு வந்து சேருவதற்குள் இரண்டு இடத்தில் உட்கார வேண்டியிருந்தது. வாட்ச்மேன் சீட்டை வாங்கி எழுத்துக் கூட்டிப் படித்தான். நிமிர்ந்து ஆளைப் பார்த்தான். மறுபடி சீட்டைப் பார்த்தான்.

“ஐயா கையெழுத்து இருக்கு. சீல் இருக்கு. எண்ணிக்கை ஒண்ணு, சரியா இருக்கு” என்றான் கடைசியில். “தராசுல ஏறுங்கண்ணே.”

ஏறினார். முள் ஆடி ஆடி ஐம்பத்தேழரையில் நின்றது.

“அரைக் கிலோ குறையுதேண்ணே.”

“காலையிலேருந்து பச்சைத் தண்ணி குடிக்கலப்பா.”

“அது தராசுக்குத் தெரியாதே. வழியில எடுத்துட்டாங்கன்னு எம்மேல எழுதிடுவாங்க.”

கம்பிக்கு அந்தப் பக்கம் நின்ற மனைவிக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் தராசில் நின்றுகொண்டு வெலவெலத்துப்போன புருஷனின் முகம் விளங்கியது. பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்துக் கம்பி இடுக்கில் நீட்டினாள். “இதைப் பிடிங்க. குடிச்சுடாதீங்க!” டைப்பிஸ்ட் அதை மார்போடு அணைத்துக்கொண்டார். முள் ஐம்பத்தெட்டில் வந்து நின்றது. மூவரும் மூச்சு விட்டார்கள்.

வாட்ச்மேன் கம்பியோரப் பலகையில் பதிவேட்டைத் திறந்து, சீட்டைப் பார்த்து எழுதிக்கொண்டே வந்தவன், கடைசிக் கட்டத்தில் பேனாவை நிறுத்தினான்.

“இதை விட்டுட்டீங்களேண்ணே. திரும்பி வர்ற சாமானா, வராத சாமானா? இல்லாததை அடிச்சுக் கோடு போடணும்.”

டைப்பிஸ்ட் திரும்பிக் கட்டடத்தைப் பார்த்தார். பத்தொன்பது வருடம் அடித்த காகிதமெல்லாம் அதற்குள் இருந்தது. அடுத்த மாதச் சம்பளமும் அதற்குள்தான் இருந்தது. மூன்று மணி அடித்தது. மாடிப்படியில் தலைமை அதிகாரியின் பூட்ஸ் சத்தம் கேட்டது.

மனைவி கம்பிக்குள் கையை விட்டு வாட்ச்மேனிடமிருந்து பேனாவைப் பிடுங்கினாள்.

“எங்க வீட்டுக்குத் திரும்பி வருவாரு தம்பி” என்றாள். “உங்களுக்கு வராதுன்னே எழுதிக்குங்க.”

‘திரும்பி வரும்’ என்பதன் மேல் பலகை அதிர ஒரு கோடு போட்டாள். வாட்ச்மேன் கேட்டைத் திறந்தான்.